புங்கமரத்தடி அடுப்பு

என் மாமியாருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

பென்னாகரத்துக்கு அப்பால், காட்டை ஒட்டிய ஊர் அவருடையது. சிறு வயதிலிருந்தே ஆடு மேய்த்தவர். ஒரு பாறைக் கரட்டில் நின்றுகொண்டு அடுத்த கரட்டில் மேயும் ஆட்டைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சுண்ணாம்பு கேட்டாலும் அதே தொண்டையில்தான் கேட்பார். பெண் பார்க்கப் போனபோது என் தாய்மாமன், "பொண்ணுக்கு அம்மா சாயல் இருக்கலாம், கொரலும் அதேதானா?" என்று கேட்டுச் சிரித்தார். அப்படி இல்லை. என் மனைவி மாதம்மாளின் குரல் பக்கத்து அறைக்குக்கூட எட்டாது. எனக்கும் அப்படித்தான். நாங்கள் இரண்டு பேர் மட்டும் வீட்டில் இருந்தால், ஆளே இல்லை என்று நினைத்து வந்தவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள்.

சத்தம் மட்டும் என்றால் பழகியிருப்பேன். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு காதோடு சொல்கிற சங்கதியைத்தான் அவர் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வார்.

கல்யாணமாகி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் எங்கள் ஊர் ஆட்களோடு நின்றுகொண்டிருந்தேன். தருமபுரி பஸ் ஒன்று புறப்பட்டு மெல்ல நகர்ந்தது. அதன் ஜன்னலிலிருந்து ஒரு தலை வெளியே வந்தது.

"மாப்ளே! மாரண்டஹள்ளி மாப்ளே! எம் பொண்ணு இந்த மாசம் தலைக்கு ஊத்திக்கிட்டாளா?"

மாதவிலக்கு ஆனாளா என்று கேட்கிறார். பஸ் ஸ்டாண்டே என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்குத் தெரியும்.

"தெரியாதுங்க" என்றேன்.

"தெரியாதா? உங்க வூட்டுப் பசு எப்ப காளைக்குக் கத்துச்சுன்னு கேட்டா தெரியுமில்ல?"

கண்டக்டர் விசில் ஊத மறந்து சிரித்தார். என்னோடு நின்றவர்களும் சிரித்தார்கள். அன்றைக்கு நான் வேறு பஸ்ஸில் ஊருக்குப் போனேன்.

எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த வருஷங்களில்தான் எங்கள் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பு பரவியது. கேழ்வரகு போட்ட நிலத்தில் நாங்களும் மல்பெரி நட்டோம். கேழ்வரகுக்கு நடுவே அவரையும் கீரையும் தானாக வந்துகொண்டிருந்தன. மல்பெரிக்கு நடுவே ஒன்றும் விடமாட்டோம். களி போய் ரேஷன் அரிசிச் சோறு வந்தது. அதைக் கௌரவம் என்றே நினைத்தோம். மாடு இரண்டு இருந்தது. பால் முழுவதும் சொசைட்டிக்குப் போகும். டீக்கு ஒரு கிளாஸ் மட்டும் நிற்கும்.

பட்டுப்புழுவுக்கு வேளை தப்பக்கூடாது. கடைசிப் பருவத்தில் அது ஓயாமல் தின்னும். மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம் தட்டுகளிலிருந்து வந்துகொண்டே இருக்கும். தழை வெட்டுவது, சுமப்பது, போடுவது, எச்சம் கூட்டுவது எல்லாம் பெண்கள் வேலை. புழுவெல்லாம் தின்ற பிறகு ஆம்பளைகள் சாப்பிடுவோம். நாங்கள் எழுந்த பிறகு அம்மாவும் மாதம்மாளும் சாப்பிடுவார்கள் என்று வைத்துக்கொண்டிருந்தோம். என்ன சாப்பிடுவார்கள், எப்போது சாப்பிடுவார்கள் என்று யாரும் பார்த்ததில்லை. பார்ப்பது நாகரிகமும் இல்லை.

குழந்தை தங்கவில்லை என்று ஆனபோது மாதம்மாள் விரதம் இருக்கத் தொடங்கினாள். செவ்வாய், வெள்ளி, சஷ்டி, அமாவாசை. ஒருவர் ஒரு கோயிலைச் சொன்னால் அதற்கு ஒரு நாள் சேரும். விரதம் இல்லாத நாளிலும் பாதி நேரம் டீதான். ஒரு கிளாஸ் டீயைக் குடித்துவிட்டுத் தழைக்குப் போனால் பசி தெரியாது என்பாள். அவளைப் பட்டினி கிடக்கிறாள் என்று யாரும் சொல்லவில்லை. பக்தி உள்ளவள் என்று சொன்னார்கள். அம்மாவுக்கு அதில் பெருமைகூட இருந்தது.

அம்மா கெட்டவள் இல்லை. அவளும் அப்படியே சாப்பிட்டு அப்படியே பிள்ளை பெற்றவள். ஆனால் பெற்ற ஏழில் நாங்கள் இரண்டு பேர்தான் தங்கினோம். அந்தச் சாப்பாட்டையும் அந்தச் சாவுகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

தூரமான பெண், அதாவது மாதவிலக்கில் இருப்பவள், புழு மனைக்குள் போகக்கூடாது. போனால் புழுவுக்கு நோய் வரும் என்பார்கள். அந்த நாட்களில் பின்பக்கக் கொட்டகையில் இருக்க வேண்டும். அதனால் யார் எப்போது தூரம் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துதான் இருக்கும். கல்யாணமாகி ஐந்தாவது வருஷம் ஒரு அறுவடை முழுக்க, ஏறக்குறைய ஒரு மாதம், மாதம்மாள் கொட்டகைப் பக்கம் போகவில்லை. அடுத்த அறுவடைக்கும் போகவில்லை. அம்மா நாட்களை எண்ணிக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரு காலையில் மாதம்மாளின் நெற்றியில் திருநீறு வைத்து, பென்னாகரத்துக்கு ஆள் அனுப்பினாள். தெருவில் எனக்கு மரியாதை கூடியது. டீக்கடையில் ஒருவர் என் முதுகில் தட்டினார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

எங்கள் சனத்தில் பெண் உண்டானால் அம்மா வீட்டார் கட்டுச்சோறு கொண்டு வருவார்கள். அதை ஒற்றைப்படை மாதம் பார்த்துச் சடங்காகச் செய்வது வழக்கம். மாமியார் அதுவரை பொறுக்கவில்லை. சேதி கிடைத்த வாரமே ஒரு கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் மாறிப் பஸ் ஏறி வந்து இறங்கிவிட்டார். புளிச்சோறு, எள்ளுச்சோறு, அவித்த முட்டை, வேர்க்கடலை உருண்டை. கூடவே ஒரு சொம்புத் தண்ணீர். அந்தச் சொம்பு ஏன் என்று வெளியூர்க்காரருக்குப் புரியாது. பெண் கொடுத்த வீட்டில் அவளுக்குக் குழந்தை பிறக்கும்வரை பெற்றவர்கள் கை நனைக்கக்கூடாது. சாப்பாடு மட்டுமல்ல, தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள்.

பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் கூடையைப் பார்க்க வாசலுக்கு வந்திருந்தார்கள். மாதம்மாள் தழைக்கட்டோடு பின்பக்கமிருந்து வந்தாள். மாமியார் கூடையை இறக்கினார். மகளின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"நேத்து என்னா சாப்புட்ட?"

மாதம்மாள் தரையைப் பார்த்தாள்.

அம்மா சிரித்துக்கொண்டே, "வூட்ல இல்லாதது என்னா இருக்குது? அவதான் மசக்கைல ஒண்ணும் ஒத்துக்கலன்னு ஒதுக்கறா" என்றாள்.

"உங்களக் கேக்கலங்கக்கா. நேத்து காலைல என்னா சாப்புட்ட, மாதூ?"

"டீ."

"மத்தியானம்?"

"புழுவுக்குத் தழை போடற நேரம்…"

"புழு தின்னுது, சரி. நீ என்னா தின்ன?"

"செவ்வாக்கெழமை விரதம்மா."

"பொழுது சாஞ்ச பொறகு?"

மாதம்மாள் கையை இழுத்துக்கொண்டாள். மாமியார் நிமிர்ந்து, அடுத்த தெருவுக்கும் கேட்கும்படி சொன்னார்:

"இது புள்ள இல்ல. இது பட்டினி."

அம்மாவின் கையிலிருந்த தட்டம் தரையில் பட்டுச் சுழன்றது. "வாயக் கழுவு! நல்ல சேதி கேட்டு வந்த எடத்துல பேசற பேச்சா இது?"

"நெசமா புள்ளையா இருந்தா நானே என் வாயக் கழுவிக்கிறன். வாங்க, தருமபுரி போயி டாக்டரம்மாகிட்டக் காட்டலாம்."

அம்மாவும் சளைக்கவில்லை. போனோம். நானும் போனேன். பெண்கள் மட்டுமே உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு மூலையில் சுவரைப் பார்த்து நின்றேன். சோதனையெல்லாம் முடிந்து டாக்டரம்மா என்னையும் உள்ளே கூப்பிட்டார்.

"நீங்கதான் வீட்டுக்காரரா? வீட்ல இவங்க என்ன சாப்பிடறாங்க?"

"எங்களோடதாங்க சாப்புடும்" என்றேன்.

மாதம்மாள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். டாக்டரம்மா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு விளக்கினார். கர்ப்பம் இல்லை. கர்ப்பப்பையில் கோளாறாக ஒன்றும் தெரியவில்லை. ரத்தம் மிகவும் குறைவு. வேலை அதிகம், சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை. இப்படிக் கிடக்கிற உடம்பு முதலில் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கும், மாதவிலக்கை நிறுத்திவிடும் என்றார். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். கேழ்வரகு, கீரை, பயறு, முட்டை சொன்னார். சாப்பாட்டோடு டீ கூடாது, கொஞ்ச நாளைக்கு விரதம் வேண்டாம் என்றார். முடிக்கும்போது என்னைப் பார்த்து, "அதுக்கப்புறமும் தள்ளிப் போனா உங்களையும் ஒரு தடவை சோதிக்கணும்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ் நிறையக் கூட்டம். மாமியார் முன் சீட்டில் இருந்தார். நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மாப்ளே, உங்களையும் சோதிக்கணும்னாங்களே, எப்பங்க போறீங்க?"

நடுவில் இருந்த அத்தனை முகங்களும் திரும்பின. இண்டூர்ச் சந்தைக்குப் போய் வந்த யாரோ ஒரு பெரியவர், என் மேல் இரக்கப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த இரக்கம்தான் இன்னும் அதிகமாகச் சுட்டது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். இல்லாத குழந்தைக்குத் தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்திருந்தோம். அந்தத் தெருவுக்குள்தான் திரும்பி நடந்து போக வேண்டும்.

மாமியார் ஊருக்குப் போனார். அம்மா இரண்டு மூன்று நாள் முட்டை அவித்துக் கொடுத்தாள். அதற்குள் புழு கடைசிப் பருவத்துக்கு வந்தது. வீடே தழைக்கு ஓடியது. எல்லாம் பழையபடி ஆனது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. மாத்திரை மட்டும் மாடத்தில் இருந்தது.

ஒரு காலையில் வாசலில் புகை. போய்ப் பார்த்தால் எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே, தெருப் புங்கமரத்தடியில், மூன்று கல்லைக் கூட்டி மாமியார் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு மூட்டை கேழ்வரகு மாவு, களி கிண்டும் துடுப்பு, இரண்டு சட்டி. ஆடுகளை மகன்களிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். அடுத்த தெருவில் அவருக்குத் தூரத்து உறவு ஒன்று இருந்தது. படுக்கை அங்கே, அடுப்பு இங்கே.

அம்மா வெளியே வந்தாள். "என்னா சம்பந்தி இது? எங்க வூட்ல அடுப்பு இல்லையா?"

"இருக்குதுங்கக்கா. உங்க வூட்ல நான் சாப்புடக்கூடாதே, வழக்கம் இருக்குதில்ல?"

"சாப்புடக்கூடாதுன்னா ஊருக்குப் போயிச் சாப்புடு. தெருவுல அடுப்பு வெச்சி எங்க மானத்த வாங்கணுமா?"

"நான் எம் பொண்ணப் பாக்க வந்தன். பாக்கற வரைக்கும் பசிக்குமில்ல?"

"சரி, நீ தின்னு. எம் மருமவள எதுக்குக் கூப்புடற?"

"ஒண்டியா சாப்புட்டா எனக்கு எறங்காதுங்க. தொணைக்கு ஒரு ஆளு வேணும்."

வழக்கத்தை மீறினார் என்று அம்மாவால் சொல்ல முடியவில்லை. அவர் வழக்கப்படிதான் நடந்தார். தெரு எங்களுடையது இல்லை, மரமும் எங்களுடையது இல்லை. மூன்று வேளையும் அந்தக் குரல் எழும்பும்: "மாதூ! கை கழுவிக்கிட்டு வா!" முருங்கைக்கீரை வதக்கி, கொள்ளு கடைந்து, களி உருண்டை போட்டு, மகளை உட்கார வைத்து அவரும் உட்காருவார். போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்ப்பார்கள். ஒரு வீட்டு மருமகள், வாசலுக்கு எதிரே, பெற்றவள் பொங்கிப் போட்டுச் சாப்பிடுகிறாள் என்றால் அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் பாக்கி இல்லை.

நான் அந்த வழியாகப் போவதையே விட்டேன். பின்பக்கம் மல்பெரித் தோட்டம் வழியாகப் போய், அந்த வழியாகவே வீட்டுக்குள் வந்தேன். டீக்கடையிலும் விடவில்லை. "உங்க மாமியா அடுப்புல நமக்கும் ஒரு உருண்டை கெடைக்குமா?" என்பார்கள். நான் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் இன்னும் கேட்பார்கள்.

அவர்களை மாமியாரும் விடவில்லை. "என்னா ஆயா, இன்னிக்கு என்னா கொழம்பு?" என்று யாராவது கேட்டுக்கொண்டு போனால், "கொள்ளு. உம் பொண்டாட்டி சாப்புட்டாளா?" என்பார். "அதெல்லாம் சாப்புட்டிருப்பா" என்று பதில் வந்தால், "இருப்பாளா? பாத்தியா?" என்பார். கொஞ்ச நாளில் ஆம்பளைகள் பலரும் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பெண்கள் வந்தார்கள். தண்ணிக்குடத்தை இறக்கி வைத்துவிட்டு, வெள்ளைப்படுதல், வயிற்றுவலி, கலைந்துபோன கரு என்று காதோடு சொல்வார்கள். அவர் திருப்பிச் சத்தமாகக் கேட்பார். "மூணு வாட்டியா கலைஞ்சுது?" அவர்கள் தலையில் அடித்துக்கொண்டு ஓடுவார்கள். மறுநாள் திரும்ப வருவார்கள்.

எல்லாம் தெரிந்தவர் என்று சொல்ல மாட்டேன். யாரோ சொன்னார்கள் என்று மலைவேம்புச் சாற்றை மாதம்மாளைக் குடிக்க வைத்தார்; அவள் ஒரு நாள் முழுக்க வாந்தி எடுத்தாள். டாக்டரம்மா கொடுத்த மாத்திரையால் மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு, குடல் கருகுகிறது என்று அத்தனையையும் சாக்கடையில் கொட்டினார். பிறகு சண்டை போடவே தருமபுரிக்குப் போனார். இரும்புச்சத்துக்கு அப்படித்தான் போகும் என்று டாக்டரம்மா சொன்னதும் புது மாத்திரை வாங்கிக்கொண்டு வந்து, "நான்தான் மடச்சி, கொட்டிட்டன். எல்லாரும் கேட்டுக்கங்க" என்று தெருவில் நின்று சொன்னார். தன் தப்பைச் சொல்லும்போதும் அவர் குரல் இறங்கவில்லை.

அவரும் தப்புச் செய்வார் என்பதை ஒரு நாள் அம்மா பிடித்துக்கொண்டாள். "அஞ்சு வருசமா நாங்கதான் அவளப் பட்டினி போட்டோம். அதுக்கு முன்னாடி பதினெட்டு வருசம் நீ பாலும் பழமுமா போட்டு வளத்தியா?" என்று வாசலில் நின்று கேட்டாள்.

மாமியார் துடுப்பைக் கீழே வைத்தார். தெருவில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"இல்லீங்கக்கா. முட்டைய ஆம்பளப் புள்ளைங்களுக்கு வெச்சிட்டு இவளுக்குச் சாறு ஊத்தினவதான் நானு. கறி ஆக்கினா இவளுக்கு எலும்பு. வயசுக்கு வந்தப்ப உளுந்தங்களி செஞ்சன். அதுலயும் பாதிய இவ அண்ணன் தின்னுட்டான், நான் பாத்துக்கிட்டுதான் நின்னன். உங்க வூட்டுக்கு அனுப்பும்போதே இவ காலி ஏனந்தான். உங்கள மட்டும் சொல்லல. நம்ம ரெண்டு பேருந்தான்."

மாதம்மாள் எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் சன்னல் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த "ரெண்டு பேரில்" நான் இல்லை. அவர் என்னை விட்டுவிட்டார். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

பெரிய மழை ஒன்று வந்து அடுப்பை அணைத்தது. கூரையாக ஒரு தகரத்தைக் கட்டித் திரும்ப மூட்டினார். அதற்குள் புழு இரண்டு அறுவடை முடிந்திருந்தது. மாதம்மாளின் முகத்தில் ஒரு நிறம் வந்தது. முடி கொட்டுவது குறைந்தது. தழைக்கட்டைத் தூக்கும்போது கண் இருட்டுவதில்லை என்றாள். இதெல்லாம் எனக்கு அவள் பிறகு சொன்னது. அப்போது நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு நாள் முற்பகல் நான் தோட்டத்தில் தழை வெட்டிக்கொண்டிருந்தேன். தெருப்பக்கமிருந்து குரல் வந்தது.

"அக்கா! எம் பொண்ணு தூரமாயிட்டா! மாதூ தூரமாயிட்டா!"

வயசுக்கு வந்த பெண்ணுக்குத்தான் அப்படி ஊர் கூட்டிச் சொல்வார்கள். ஐந்து வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு யார் சொல்வார்கள்? பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் நிமிர்ந்து என்னைத் தேடினார். நான் மல்பெரிச் செடிகளுக்குள் உட்கார்ந்துவிட்டேன். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

இந்தச் சேதி என் தாய்மாமனை வேறு விதமாக எட்டியது. அக்கா மகனுக்குக் குழந்தை இல்லை, பொய்க்கு உண்டாகி ஊர் சிரித்தது, இப்போது தெருவில் கூச்சல் என்று அவருக்குப் போய்ச் சேர்ந்தது. அவருக்கு ஒரு பெண் இருந்தாள். அவளை எனக்கு இரண்டாம் தாரமாகக் கட்டுவது, மாதம்மாள் உண்டானதாக நினைத்ததற்கு முன்பே அரசல்புரசலாக நடந்த பேச்சுதான். இப்போது முடித்துவிட்டுப் போவது என்று வந்துவிட்டார். அம்மா கோழி அடித்தாள். இரண்டாவதாக ஒருத்தி வந்தால் மாதம்மாளை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அனுப்பாவிட்டாலும் புழுவுக்குத் தழை போடுகிற ஆளாக ஒரு மூலையில் இருப்பாள். எங்கள் பக்கம் அப்படி இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாதம்மாளும் பார்த்திருக்கிறாள். அன்று அவள்தான் மசாலா அரைத்தாள்.

மாமனுக்கும் எனக்கும் இலை போட்டார்கள். மாமன் கறியை எடுத்துக் கடித்துக்கொண்டே பேசினார்.

"மாசாமாசம் குளிச்சாப் போதுமாடா? புள்ள வேணாமா? இவளையும் யாரும் தள்ளச் சொல்லல. இருக்கட்டும். தையில முடிச்சிரலாம். என்னடா சொல்ற?"

மாதம்மாள் குழம்புச் சட்டியோடு சுவர் ஓரம் நின்றாள். நான் இலையைப் பார்த்தேன். எங்கள் வீட்டுப் பேச்சு புங்கமரத்தடிக்குக் கேட்கும் என்று அதுவரை நான் நினைத்ததில்லை.

மாமியார் வாசலில் வந்து நின்றார். ஐந்து வருஷமாக அந்தப் படிக்கு வெளியிலேயே நின்று பேசிவிட்டுப் போனவர், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மகள் கையிலிருந்த சட்டியை வாங்கிக் கீழே வைத்தார். அவள் கையைப் பிடித்து என் பக்கத்தில் உட்கார வைத்து, அவரும் உட்கார்ந்தார். ஆம்பளைகள் பந்தியில்.

"எங்களுக்கும் எலை போடுங்கக்கா."

அம்மா திகைத்து நின்றாள். "கொழந்தை பொறக்காம இந்த வூட்ல கை நனைக்கறியா? நீயே முடிவு பண்ணிட்டியா இனிமே பொறக்காதுன்னு?"

"கொழந்தை பொறந்தாத்தான் இங்க சாப்புடணும். எனக்குப் பொறந்த கொழந்தை இதா உக்காந்திருக்குது. போடுங்க."

மாமன் கையை உதறினார். "என்னடா இது? உன்னத்தான் கேக்கறன். தையில வெச்சிக்கலாமா, வேணாமா?"

"வேணாங்க மாமா" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"என்னா?"

மாமியார் குனிந்து என் வாயைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, தெருவே கேட்கும்படி சொன்னார்:

"வேணாங்கறாரு! மாப்ள வேணாங்கறாரு!"

மாமன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அம்மா கரண்டியோடு வாசலைப் பார்த்தாள். பிறகு இரண்டு இலை போட்டாள். சோறு வைத்தாள். மாதம்மாளின் இலையில் குழம்பு மட்டும் ஊற்றிவிட்டு நகரப் பார்த்த அம்மாவின் முந்தானையை மாமியார் பிடித்துக்கொண்டார்.

"கறிங்கக்கா."

அம்மா சட்டியைச் சாய்த்து, தேடி, ஒரு தொடைக்கறியை எடுத்து வைத்தாள்.

குழந்தை பிறந்ததா என்று கேட்பீர்கள். பிறந்தது. அது பிறகு. நான் சொல்ல வந்தது இந்த மனுஷியைப் பற்றி. உயிரோடு இருந்தவரைக்கும் அவரைக் கண்டாலே நான் ஒதுங்கினேன். நன்றி என்று ஒரு சொல்லும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அதையும் பஸ் ஸ்டாண்டில் நின்று ஊருக்கே சொல்லியிருப்பார்.

அன்று நான் தலையை முழுவதும் நிமிர்த்தவில்லை. ஓரக்கண்ணால் மட்டும் பார்த்தேன். மாதம்மாள் இடது கையை இலையின் ஓரத்தில் வைத்து அணைத்துக்கொண்டு, சின்னச் சின்னக் கவளமாக, வேகவேகமாகச் சாப்பிட்டாள். யாரோ எழுந்திருக்கச் சொல்வதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது போல இருந்தது. கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் என் மனைவி சாப்பிடுவதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்.